சஷ்டி விரதம் இருந்த தோமான்

எனக்கு மீன் என்றாலே ஆகாது. நாங்கள் சைவம், வாடை பட்டாலே குமட்டும். அப்படிப்பட்ட நான் இரண்டு வருஷம் போல ஒரு தோமான் மீனை வீட்டுக்குள் வைத்து வளர்த்தேன் என்று சொன்னால் என் பழைய அலுவலக நண்பர்கள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கெல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கதவு திறக்க ஆள் இருந்தது.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு வீட்டின் முன்பாதியை வாடகைக்கு எடுத்தேன். பின்பாதியில் வீட்டுக்காரம்மாள் இருந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது, கோயிலுக்குத் தவறாமல் போவார், பொங்கல் வைப்பார். ஆனால் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது, பேச்செல்லாம் மலாய். என்னுடைய மலாயோ கிராணி உத்தியோகத்துக்கு, ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கு, போதுமான மலாய். கிணறு, மழை, சாமி என்று மூன்று விஷயம் பேசினால் எங்கள் பேச்சு தீர்ந்துவிடும்.

என் மனைவி அதற்கு ஐந்து வருஷம் முன்பே தலைப்பிரசவத்துக்கு இந்தியாவுக்கு, ஊருக்குப் போனவள். அப்போது மலாயாவில் அவசரகாலம், கம்யூனிஸ்டுகளோடு சண்டை. நான் வேலை பார்த்த எஸ்டேட் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்காத வாரம் கிடையாது. நிலைமை சரியாகட்டும், கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதினேன். நிலைமை சரியானது, எனக்கு மலாக்கா டவுனில் அரசாங்க வேலையும் கிடைத்தது. அப்புறமும் வீடு சரியில்லை, உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். எல்லாம் சாக்குப்போக்கு. தனியாக இருந்து இருந்து, இன்னொருவரோடு ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் மகளை நான் போட்டோவில் மட்டுந்தான் பார்த்திருந்தேன்.

அந்த வீட்டுக் கூடத்தில், முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. இரும்புச் சட்டம் போட்டது, நாலு அடி நீளம். உள்ளே இரண்டு தங்கமீன்கள். பாவமாயிருக்கிறதே என்று பொரி போட்டு வந்தேன். ஆயர் குரோ பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து, கிராமத்திலிருந்து, வரும் எங்கள் ஆபீஸ் பியூன் இதைக் கேள்விப்பட்டு, ஒரு நாள் பிஸ்கட் டின்னில் விரல் நீள மீன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். கறுப்பும் ஆரஞ்சுமாகக் கோடு போட்ட குஞ்சு. அழகாயிருந்தது. தொட்டியில் விட்டேன். மூன்று மாதத்தில் அது ஒரு சாண் வளர்ந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் தங்கமீன் ஒன்றைக் காணோம். மறுநாள் மற்றதையும் காணோம்.

வீட்டுக்காரம்மாள் வந்து குனிந்து பார்த்தார். "இது அழகு மீன் இல்லை கிராணி, தோமான். ஆற்றில் வாத்துக்குஞ்சைக்கூட விடாது" என்று மலாயில் சொன்னார். நம் ஊர் விராலுக்கு முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கொண்டுபோய் ஆற்றில் விடு. இல்லையென்றால் எனக்குக் கொடு, சமைக்கிறேன்" என்றார். இரண்டும் செய்ய மனம் வரவில்லை. காரணம் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். தோமான் தண்ணீருக்குள் மட்டும் மூச்சு விடும் மீன் அல்ல. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலே வந்து, வாயைத் திறந்து, 'பொளக்' என்று காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற சத்தம் அது ஒன்றுதான்.

ஆகவே சைவப்பிள்ளை காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, சல்லடையை எடுத்துக்கொண்டு லொங்காங் கால்வாய் ஓரமாகக் குஞ்சு மீன் அள்ளப் போனார். சந்தையில் மூக்கைப் பொத்திக்கொண்டு இறால் வாங்கினார். "சாமி, கைய நல்லா கழுவிட்டு ஃபைலத் தொடுங்க. மேலதிகாரி மீன் கறின்னு நெனச்சிடப் போறாரு" என்று பக்கத்து மேஜைக்காரர் கிண்டல் செய்வார். மீனோ ஒரு வருஷத்தில் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. கோடுகள் மறைந்து கருநீலமாயிற்று. நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே கண்ணாடிப் பக்கம் வந்து நிற்கும். நான் அதோடு தமிழில் பேசினேன். வேறு யாரோடு பேச?

ஊருக்கு நான் எழுதிய கடிதங்களுக்கு மாமனார்தான் பதில் எழுதுவார். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி மழை விவரம் சொல்லி முடித்துவிடுவார். கீழே என் மகள் பென்சிலால் தன் பெயரை மட்டும் எழுதியிருப்பாள். ஒரு தடவை எழுத விஷயமில்லாமல், தங்கமீன் காணாமல் போன கதையை எழுதினேன். பதிலாக வந்த கடிதம் முழுக்க அவளுடைய கையெழுத்து. எழுத்தெல்லாம் குண்டு குண்டாக மேலும் கீழுமாகப் போயிருந்தது. 'அப்பாவுக்கு, அந்த மீன் திருட்டு மீனா? உங்களைக் கடிக்குமா? தூங்கும்போது கண்ணை மூடுமா? கோயில் குளத்து மீன் பொரி தின்கிறது. உங்கள் மீனுக்குப் பொரி பிடிக்காதா?'

அன்றைக்கு அந்தக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை. அதன்பின் மாதம் இரண்டு கடிதம் போயிற்று, இரண்டு வந்தது. அவளுக்கு என்னைத் தெரியாது, மீனைத் தெரியும். மீன் வழியாக நான் அவளுக்கு அப்பா ஆகிக்கொண்டிருந்தேன். அது இல்லையென்றால் மறுபடி பென்சிலால் எழுதிய பெயர் மட்டுந்தான் வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மெர்டேக்கா வந்தது. எனக்குக் குடியுரிமைக் காகிதமும் வந்தது. இப்போது நிஜமாகவே புறப்பட்டு வரச்சொல்லி எழுதினேன். மாமனார் மழை கழியட்டும் என்று எழுதினார். மழை கழிந்தபின் அறுவடை முடியட்டும் என்றார். ஐந்தாறு வருஷம் நான் சொன்ன அதே சாக்கு. மறு வருஷம் ஐப்பசியில், அவர்கள் வந்து சேர வேண்டும் என்று கந்தசஷ்டி விரதம் எடுத்துக்கொண்டேன். ஆறு நாளும் பாலும் பழமும். சாயங்காலம் துக்காங் எமாஸ் தெருக் கோயில். விரதம் இருக்கிற வீட்டில் உயிர்க்கொலை கூடாதே. ஆகவே மீனுக்கும் ஆகாரம் கிடையாது. 'நானும் மீனும் சஷ்டி விரதம் இருக்கிறோம்' என்று மகளுக்குப் பெருமையாக எழுதிப் போட்டேன்.

முருகன் படத்தை வைக்க ஒரு பலகை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல பலகை மீன்தொட்டியை மூடியிருந்த தேக்குப் பலகை. மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று தரம் கழுவி, கோலம் போட்டு, படத்தை வைத்தேன். தொட்டியின் மேல் பழைய வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினேன். வீட்டுக்காரம்மாள் பார்த்துவிட்டு, "பசித்த தோமான் துள்ளும்" என்றார். ஆறு நாள்தானே என்றேன்.

ஆறாம் நாள் சூரசம்ஹாரம். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தேன். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. சுவரில் பல்லி கில்லி பார்த்துத் துள்ளியதோ, பசியில் சும்மா துள்ளியதோ தெரியாது. மீன் கூடத்தைக் கடந்து புரண்டு போய், முருகன் படத்துக்கு முன்னால், கோலத்தின் மேல் கிடந்தது. ஈரமாயிருந்திருந்தால் தாக்குப் பிடித்திருக்கும். அன்றைக்குக் கொளுத்தும் வெயில், சிமெண்டுத் தரை. தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

குடும்பம் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட விரதத்தில், குடும்பத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பை நானே கொன்றுவிட்டேன். எனக்கு முருகன் மேல் கோபம் வந்தது. பலகை மேல் கோபம் வந்தது. கடைசியில் என் மேல் வந்த கோபம் போகவே இல்லை. வீட்டுக்காரம்மாள் எட்டிப் பார்த்து, சமைக்கட்டுமா என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்தபின் கொல்லையில் குழி தோண்ட மண்வெட்டி கொண்டுவந்தார்.

அடுத்த வாரமே கடிதம் வந்தது. 'அப்பாவுக்கு, மீன் விரதத்தை முடித்துவிட்டதா? முதலில் என்ன சாப்பிட்டது?'

பேனாவை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'நாலு இறால் சாப்பிட்டது' என்று எழுதினேன்.

ஒரு பொய் எழுதினால் அதற்குத் துணையாக இன்னொன்று எழுத வேண்டியிருந்தது. அதன்பின் ஒரு வருஷம் மீனைக் கடிதத்தில் வளர்த்தேன். எனக்குக் கிராணி புத்தி; பொய்யானாலும் விவரம் சரியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் பாரு தாண்டி ஒரு குளத்துக்குப் போவேன். தோமான் எப்படி மேலே வருகிறது, மழைக்கு முன் என்ன செய்கிறது என்று பார்த்து வந்து எழுதுவேன். வெறும் தொட்டியில் தண்ணீரையும் மாற்றிக்கொண்டிருந்தேன். ஏன் மாற்றினேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் பச்சை பிடித்தால் மனசுக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷம் நடுவில் ஒரு நாள் ஆபீஸில் எல்லாரும் பத்திரிகையைச் சுற்றி நின்றார்கள். புதுச் சட்டம் வருகிறது. புருஷனைப் பிரிந்து ஐந்து வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்ட மனைவிக்கு இனி உள்ளே வர அனுமதி இல்லை. வயது ஏறிவிட்ட பிள்ளைகளுக்கும் இல்லை. வருகிறவர்கள் வருஷக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். அன்றைக்கே தந்தி அடித்தேன், கடிதமும் போட்டேன்.

மாமனார் இந்தத் தடவை மழையைப் பற்றி எழுதவில்லை. 'ஆறு வருஷம் கூப்பிடாத மனுஷனிடம் எதற்குப் போக வேண்டும் என்று என் மகள் கேட்கிறாள். அவள் கேட்பதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் பேத்தி மீனைப் பார்த்தே ஆக வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடிக்கிறாள். அவளுக்காக அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தார்.

உண்மையை எழுதினால் வராமலே போய்விடலாம். அப்புறம் சட்டம் கதவைச் சாத்திவிடும். எழுதாவிட்டால், செத்து ஒரு வருஷமான மீனைப் பார்க்க ஒரு குழந்தை கடல் தாண்டி வரும். மூன்று தரம் எழுதிக் கிழித்துப் போட்டேன். பிறகு சந்தைக்குப் போய் அதே நீளத்தில் ஒரு தோமானைத் தேடினேன். தண்ணீர்ப் பேசினில் ஒன்று கிடந்தது. கடைக்காரன் அதைத் தூக்கிக் காட்டினான். வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மேலும் ஏமாற்ற என்னால் முடியவில்லை.

கப்பல் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தது. சட்டத்துக்குப் பயந்து வந்த பெண்டு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள். போட்டோவை வைத்துக்கொண்டு மகளைத் தேடினேன். அதற்குள் மனைவி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்நெற்றியில் அவளுக்கு நரைத்திருந்தது. "இளைச்சுட்டீங்க" என்றாள். அப்புறம் பஸ்ஸில் மலாக்கா வரும் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கந்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் மீனைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து, ஊர் பெயரைச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பெட்டிகளைக்கூடத் திறக்காமல் நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள். மகள் கூடத்தில் தொட்டிக்கு முன்னால் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. ஊரிலிருந்து கொண்டுவந்த பொரி. "மீனுக்கு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு, தொட்டியின் நாலு மூலையையும் குனிந்து பார்த்தாள்.

"மீன் எங்கப்பா?"

"செத்துப் போச்சும்மா."

"எப்ப?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "போன சஷ்டிக்கு முந்தின சஷ்டிலம்மா" என்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். அழப்போகிறாள், இல்லை அம்மாவிடம் ஓடி, திரும்பிப் போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். எட்டு வயசுக் குழந்தைக்கு முன்னால் நான் குற்றவாளி மாதிரி கைகட்டி நின்றேன்.

"அப்ப அதுக்கப்புறம் எழுதினதெல்லாம்?"

"பொய்தாம்மா. நானா எழுதினேன்."

அவள் தொட்டியைப் பார்த்தாள், ஒற்றை நாற்காலியைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய என் சட்டையைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா இந்த வீட்டுல ஒங்களோட யாருமே இல்லையா?"

எட்டு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பொரிப் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, இங்க வாயேன். அப்பா அழுவுறாங்க" என்றாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. பிறகு மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.