மேலே ஏறாத ரிப்போட்டுகள்

உம்மாவின் சிறுநீரகம் பழுதான பிறகு, மாதம் ஒருமுறை கல்முனையில் இரத்தம் பரிசோதித்து, அந்த ரிப்போட்டை ஸ்கேன் செய்து மடிக்கணினியில் ஒரு கோப்புறைக்குள் போடுவது என் வேலை. அது தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏறிவிடும். கட்டாரில் இருக்கும் என் மூத்த சகோதரர் காக்காவும் கொழும்பில் இருக்கும் டொக்டரும் அங்கே பார்த்துக்கொள்வார்கள். "மருந்துக் குளிசை மாத்த வேண்டியிருந்தா நானே போன்ல கோல் எடுப்பன்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக அவர் எடுக்கவில்லை. நல்லதுதான் என்று நினைத்திருந்தேன்.

அன்று மதியம் லுஹர் தொழுதுவிட்டு மூன்றாவது மாத ரிப்போட்டை ஸ்கேன் செய்தேன். இடமில்லை என்று சொல்லிக் கணினி அதைச் சேமிக்க மறுத்தது. எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தேடினேன். சேமிப்பகச் செயலி தான் செய்ததையெல்லாம் தன் பாட்டுக்குக் குறித்துவைக்கும் லொக் கோப்புகள்தான் பாதிக்கு மேல் இடத்தைப் பிடித்திருந்தன.

அழிக்கப் போன கை நின்றுவிட்டது. போன வருடம் போனில் இடம் போதவில்லை என்று படங்களை அழித்தேன், சேமிப்பகத்திலும் அழிந்துபோயின. வாப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. காக்கா ஏசவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவே இல்லை.

அவருக்கே கோல் எடுத்தேன்.

"காக்கா, லொக் பைல அழிச்சா உம்மாட ரிப்போட்டும் போயிடுமா?"

"அது வேற, இது வேற. ஆனா அவசரப்படாத தங்கச்சி. முதல்ல சிங்க் ஆகி மேல ஏறுறத நிப்பாட்டு. ஒண்டத் திறந்து என்ன எழுதிக் கிடக்கெண்டு பாரு."

திறந்தேன். கீழே போகப் போக ஒரே செய்தி. ஏற்ற முடியவில்லை, மீண்டும் முயல்கிறது. நேரம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. கோப்பின் பெயரை மூன்று தரம் வாசித்தேன். உம்மாவின் இரண்டு மாதத்துக்கு முந்திய ரிப்போட். அன்று ஸ்கேன் செய்யும்போது கரண்ட் போனது நினைவுக்கு வந்தது. பழுதான அந்தக் கோப்பை ஏற்றப் பார்த்து, முடியாமல் போன ஒவ்வொரு தடவையையும் செயலி எழுதி வைத்திருக்கிறது. அடுத்த மாத ரிப்போட்டும் அதன் பின்னால் காத்துக் கிடந்தது.

"காக்கா, டொக்டருக்கு ஒண்டுமே போகல்ல."

"நானும் திறந்து பார்க்கல்ல" என்றார் காக்கா. "நீ போட்டிருப்பாய் எண்டு இருந்துட்டன்."

உம்மா கட்டிலில் கால் நீட்டித் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. நேற்றும் வீங்கியிருந்ததா? எனக்கு நினைவில்லை.

லொக் கோப்புகளை அழித்தேன். ரிப்போட்டுகள் இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்தேன். இருந்தன. பழுதானதையும் இந்த மாத ரிப்போட்டையும் தாளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து, சிங்கைத் திரும்ப ஓடவிட்டேன். மூன்றும் ஏறி முடியும்வரை திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பிறகு டொக்டரின் கிளினிக்குக்குச் சொன்னேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது டொக்டரே கோல் எடுத்தார். "இரத்தத்தில பொட்டாசியம் மாசா மாசம் கூடிட்டு வந்திருக்கு. பிரஷருக்கு நான் தந்த வெள்ளைக் குளிசைய இப்பவே நிப்பாட்டுங்க. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"என்ன மகள், எனக்கு ஒண்டுமில்லியே" என்றார் உம்மா, ஓட்டோவில் ஏறும்போது. நான் ரிப்போட்டுத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினேன்.

நாலு நாள் வைத்திருந்தார்கள். "இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய வார்ட் டொக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஐந்தாம் நாள் உம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வீக்கம் வடிந்திருந்தது.

இப்போது ரிப்போட் போடும் ஒவ்வொரு தடவையும் கிளினிக்குக்குக் கோல் எடுத்து, வந்ததா என்று கேட்கிறேன். "ஓம், வந்திருக்கு" என்று அங்கிருந்து சொல்லும்வரை எனக்கு மூச்சு சரியாக வருவதில்லை.