ஓடிபி சொல்வதற்கு முன் ஒரு கேள்வி

இன்று வெள்ளிமலை பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. கள்ளக்குறிச்சி காலேஜில் படிக்கும் மகள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"அம்மா, கவர்மெண்ட்ல மாசாமாசம் தர்ற ஆயிரம் ரூபாய்க்கு பதிஞ்சிக்கினு இருக்கேன். இன்னிக்குதான் கடைசி. உன் போனுக்கு ஆறு நம்பர் வந்துருக்கும், சொல்லு."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்க்ல சொன்னாங்க. நீ என் பொண்ணுதான்னு இன்னா நிச்சயம்?"

"என் குரல் தெரியலயா?"

"இப்பல்லாம் மிஷினே அப்புடி பேசுதாம்."

கண்டக்டர் பதறினார். "சீக்கிரம் சொல்லும்மா, மலை ஏறிட்டா சிக்னல் போயிடும்."

அம்மா அசரவில்லை. "நம்ம செவல மாடு போன வாரம் இன்னா கன்னு போட்டுச்சு?"

"செவல எங்க போட்டுச்சு? அதுக்கு இன்னும் நாள் இருக்குது. போட்டது கருப்பி, கெடேரிக் கன்னு!"

அம்மா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. திரையை என் கண்ணில் படாமல் கவனமாக மறைத்துக்கொண்டு, ஆறு எண்களையும் டிரைவர் வரை கேட்கும்படி கத்திச் சொன்னார்.

"பதிஞ்சிடுச்சும்மா!" என்றது போன். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.

எங்கள் வீட்டில் இப்போது மாடு எத்தனை என்பதே எனக்குத் தெரியாது. இந்த நுழைவுத்தேர்வில் உங்களில் யாரெல்லாம் பாஸ்?