விண்வெளி நிலையம் கடந்த நொடி

ஹரிஹரன் மின்துறை ஊழியர். அந்தமானில், டாலிகஞ்சில் வீடு. லீவு கிடைத்தால் கேமராவும் கையுமாகக் கடற்கரையில்தான் இருப்பார். படகுத்துறை விளக்கின் உச்சியில் உட்கார்ந்த முழுநிலா, மீன்பிடிப் படகுக்குப் பின்னால் எழும் சூரியன் என்று அவர் எடுத்த படங்கள் போர்ட் பிளேர் முழுக்க ஃபோனுக்கு ஃபோன் போகும். மனைவி மங்கையர்க்கரசி வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். கூப்பிட்டால், "தைக்கவே நேரமில்ல, சூரியனைப் பாக்க வேற வரணுமா?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் விடவில்லை. விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே போகப்போகிறது, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று சொல்லி, கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு அழைத்துப்போனார்.

இரண்டு கேமராக்களை நிறுத்தினார். புதியது படமெடுக்க, பழையது அதன் கண்ணாடித் துளை வழியாக அவள் பார்க்க. சூரியன் சிவப்பாக எழுந்தபோது இரண்டிலும் ஃபில்டர் போடாமல், எதிரே இருந்த குட்டித்தீவோடு சேர்த்துப் படமெடுத்தார். வெயில் ஏறியதும் புதியதில் வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்பு ஃபில்டரை மாட்டினார். பழையதில் மாட்ட மறந்துபோனார்.

"வா மங்கை, வரப்போகுது!"

"ரொம்பக் கூசுதுங்க."

"கண்ணை எடுத்துடாத. இதோ, இப்ப போயிடும்."

அவர் சொல்கிறாரே என்று பொறுத்துக்கொண்டாள்.

படம் அற்புதமாக வந்தது. சூரியத் தட்டின் மேல் எறும்பு மாதிரி விண்வெளி நிலையம். ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள், "வலது கண்ணுல என்னமோ புள்ளி நிக்குதுங்க" என்றாள். வீட்டில் பையைத் திறந்தவர், இன்னொரு ஃபில்டர் உறைக்குள்ளேயே இருப்பதைக் கண்டதும் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"சூரஜ் கோ தேகா தா க்யா?" சூரியனைப் பார்த்தீர்களா என்று இந்தியில் கேட்டார் டாக்டர். சூரியனைப் பார்த்ததில் விழித்திரையின் நடுவில் சூடு பட்டிருக்கிறது, இதற்கு மருந்தில்லை, கொஞ்சம் தானாகத் தேறலாம் என்றார். கொஞ்சம்தான் தேறியது. தையல் அடிக்கடி கோணிப்போனது. கேட்டவர்களிடம் எல்லாம், "தைச்சுத் தைச்சே கண்ணு கெட்டுப்போச்சு" என்றாள் மங்கையர்க்கரசி. ஹரிஹரன் பக்கத்திலேயே வாய் திறக்காமல் நிற்பார். யாராவது அந்தப் படத்தைப் புகழ்ந்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவார்.

தூத்துக்குடியிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். சாப்பிடும்போது, "கண்ணு போற அளவுக்கா தைக்கிறது? மாப்ள, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

ஹரிஹரன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "அவ தைச்சதால இல்ல மச்சான். என்னாலதான்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

அடுப்படியில் மங்கையர்க்கரசி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "உங்களை யாரு சொல்லச் சொன்னா?"

"மனசு கேக்கல மங்கை."

"சொல்லிட்டீங்க, உங்களுக்கு பாரம் இறங்கிருச்சு. இனிமே எங்க வீட்டுல ஆளாளுக்கு உங்களைத் திட்டுவாங்க. உக்காந்து கேக்கப்போறது நான்தானே?"

அதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. முன்னறையில் அண்ணன் மெயின்லேண்டுக்கு ஃபோன் போட்டு, "அம்மா, விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்திருந்தார்.