அலமாரிக்குப் பின்னால் ஒரு மூடி

கைமொழிக்காரி என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவர் பேசுவதைக் கணினித் திரை வழியாகக் காது கேளாத நோயாளிக்குச் சைகையில் சொல்வது அவள் வேலை. காது கேளாத தம்பியோடு வளர்ந்தவள், கைகளாலேயே வம்பளப்பாள். ஆனால் நோயாளியின் விஷயம் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது என்று வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அறையில்தான் உட்கார வேண்டும். அங்கே வைஃபை நொண்டியடித்துக்கொண்டு வரும்.

அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு பெரியவருக்குக் கட்டி கரைந்துவிட்டது என்றார் மருத்துவர். அவள் 'கட்டி' என்று காட்டியதும் படம் அப்படியே நின்றுபோனது. மறுபடி வந்து மிச்சத்தைச் சொல்வதற்குள் அவர் அழுதே விட்டார். பிறகு புகாரும் கொடுத்தார். அதில் தப்பே இல்லை. அவருடைய மறுபரிசோதனைக்கும் அவளே பேசட்டும், அதிலும் படம் நின்றால் இனி வேலையில்லை என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கூடத்திலும் கடைசி அறையிலும் சுவரில் நெட்வொர்க் சாக்கெட் இருந்தது. ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளைக் கூடத்துச் சாக்கெட்டில் செருகினாள். அறைச் சாக்கெட்டிலிருந்து இன்னொன்றைக் கணினிக்குக் கொடுத்தாள். கேபிள் செருகிய இடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அதெல்லாம் வீடு கட்டினவன் சும்மா அழகுக்கு வச்சது," என்றான் கணவன். அவன் தச்சன். மரத்தில் செய்யாத எதுவும் அவனுக்கு அப்படித்தான்.

அவளா விடுவாள்? அச்சு அசல் தங்கள் வீடு போலவே இருக்கும் கீழ்வீட்டில் போய்ப் பார்த்தாள். நடைவழிச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மூடி. எல்லா அறை வயர்களும் அதற்குள்தான் வந்து முடிந்தன; எந்த அறைக்கு வேண்டுமோ அதை அங்கேதான் இணைக்க வேண்டும். இவர்கள் வீட்டில் அந்த இடத்தை அடைத்து நின்றது கணவன் செய்து சுவரோடு திருகிய அலமாரி. வருகிறவர்களிடம் எல்லாம் அவன் பீற்றிக்கொள்ளும் அலமாரி.

தயங்கித் தயங்கித்தான் அவனிடம் சொன்னாள். அவன் போய் ரம்பத்தை எடுத்துவந்தான். பின்பலகையைச் சதுரமாக அறுத்தபோது அவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மூடி அங்கேயே இருந்தது. உள்ளே வரிசையாகச் சாக்கெட்டுகள், ஒவ்வொன்றின் கீழும் அறையின் பெயர். கூடத்தையும் கடைசி அறையையும் ஒரு குட்டைக் கேபிளால் இணைத்துவிட்டுக் கணினியிடம் ஓடினாள். பச்சை விளக்கு எரிந்தது. சோதித்துப் பார்க்கத் தம்பியை அழைத்தாள். இனி உன் வாயை யாராலும் அடைக்க முடியாது என்று அவன் சைகையில் கேலி செய்தான்.

மறுபரிசோதனை நாளில் அவள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் நடைவழியில் உட்கார்ந்து, அறுத்த இடத்துக்கு ஒரு குட்டிக் கதவு இழைத்துக்கொண்டிருந்தான். அவளுடையதோ சத்தமே இல்லாத வேலை. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவித்தான்.

அவள் வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"கட்டி திரும்ப வரலைங்க. முழுசா சொன்னேன். ஒரு தடவை கூட நிக்கல," என்றாள். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக் காட்டினாள். காது கேளாதவர்கள் அப்படித்தான் கைதட்டுவார்கள். பெரியவர் அவளுக்குத் தட்டிய கைதட்டல் அது.

அவன் உளியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

இப்போதும் யார் வந்தாலும் அவன் அலமாரியைக் காட்டத்தான் செய்கிறான். துணிகளை ஒதுக்கி அந்தக் குட்டிக் கதவைத்தான் முதலில் திறப்பான்.

"இதுக்குள்ளதாங்க என் பொண்டாட்டி வேலை ஓடுது," என்பான்.