கம்பியம்மாவும் ஏலக்காரரின் குரலும்

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கும் அறைக்காரிக்கு நோயாளிகள் வைத்த பெயர் கம்பியம்மா. மண்டைக்குள் கம்பி வைப்பது என்னவோ சர்ஜன்தான். ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கம்பியம்மா என்றால் கம்பியம்மாதான்.

பார்க்கின்சன் நோயில் கைகால் ஆடுகிறவர்களில் சிலருக்கு மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, மார்புத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரியை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதோடு வேலை முடிந்தது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். பாதிதான் முடிந்திருக்கும். கம்பி நுனியில் இருக்கும் நாலு புள்ளிகளில் எதன் வழியாக எவ்வளவு மின்சாரம் விடுவது என்று ஆளுக்கு ஆள் பார்த்து வைக்க வேண்டும். டாக்டர் சொல்லும் எல்லைக்குள் டேப்லெட்டைத் தட்டித் தட்டி அதைச் செய்வதுதான் இவள் உத்தியோகம். முன்பு கீழ்மாடியில் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தவளை, "உங்களுக்குப் பொறுமை அதிகம்" என்று சொல்லி நரம்பு டாக்டர் மேலே இழுத்துக்கொண்டார். அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தான் அவள் கணவன். அவன் பிளம்பர், அவளுடைய பொறுமையை வீட்டில் பார்த்தவன்.

அவளிடம் ஒரு முறை உண்டு. வருகிறவர் காகிதத்தில் ஒரு சுருள் வரைய வேண்டும். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரைச் சிந்தாமல் தூக்க வேண்டும். கடைசியாகப் பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும். ஆளுக்கு இருபது நிமிஷம். தண்ணீர் சிந்தவில்லை என்றால் அவளுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் பசிகூட எடுக்காது. ஏழு வருஷத்தில் நூற்றுப் பத்துப் பேரை அப்படி அனுப்பிவைத்திருக்கிறாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அந்தத் தலைக்கனத்தை இறக்கிவைத்தவர் ஏலக்காரர்.

காய்கறி மண்டியில் முப்பது வருஷமாக மூட்டைகளை ஏலம் விட்டவர். மூன்று வாரம் முன்பு செட்டிங் வைத்துக்கொண்டு போனவர், அன்றைக்கு மனைவியோடு வந்தார். சுருள் அச்சடித்ததுபோல் வந்தது. டம்ளர் அசையவில்லை. பெயரை நிதானமாகச் சொன்னார். கம்பியம்மா 'பேச்சு: நலம்' என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

"எழுதாதீங்க மேடம்" என்றார் மனைவி. "கை நின்னுடுச்சு. கூடவே வாயும் நின்னுடுச்சு. காலையில கொஞ்சம் பேசுறாரு. மதியம் ஆனா ஒண்ணும் புரியலை. வீட்டுல சண்டை போடக்கூட ஆள் இல்லை எனக்கு."

ஏலக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒருதரம்... ரெண்டுதரம்..." மூன்றாவது, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழைந்து போயிற்று. மண்டியில் யார் காத்திருப்பார்கள்? அடுத்த திங்கட்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"கை ஆடிட்டுப் போகட்டும்மா" என்றார் ஏலக்காரர், ஒவ்வொரு சொல்லாக. "இதை ஆஃப் பண்ணிடுங்க."

கம்பியம்மாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்து நரம்புப் பாதைக்கு மின்சாரம் கசிந்தால் நாக்கு குழறும் என்பது அவளுக்குத் தெரியாததா? மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்தாள். 'மூணுதரம்' தெளிவாக வந்தது. டம்ளரும் தப்பித்தது. இருபது நிமிஷத்தில் அனுப்பிவைத்தாள். மறுநாள் மதியம் மனைவியிடமிருந்து போன்: "மறுபடி பழைய கதைதான் மேடம்."

இரவுச் சாப்பாட்டில் அவள் முகத்தைப் பார்த்து விசாரித்த பிளம்பர், கேட்டுவிட்டுச் சொன்னான்: "குழாய் மாத்தினா நான் உடனே கிளம்பிடுவேனா? தண்ணியைத் திறந்துவிட்டு, ஒரு மணி நேரம் உக்காந்து பார்ப்பேன். கசிவு உடனே தெரியாதுடி."

"மூளையும் உங்க குழாயும் ஒண்ணா?" என்று சீறினாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். நடுக்கம் நொடியில் அடங்கும். பேச்சு கெடுவதற்கோ மணிக்கணக்காகும். அவள் நொடியில் தெரிவதை மட்டும் பார்த்துவிட்டு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போய், "ஒரே நோயாளிக்கு ஒரு முழு நாள் வேணும் சார்" என்றாள். அவர் வெளியே வரிசையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "உங்க ரூம்ல இடம் ஏது?"

"நடைபாதையில பெஞ்சு இருக்கு சார்."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏலக்காரரும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புள்ளியை மாற்றிவைத்த கம்பியம்மா, "நிறுத்தாம சண்டை போடுங்க. நான் கதவைத் திறந்துவெச்சுக் கேட்டுட்டே இருப்பேன்" என்றாள்.

"இதை வேற சொல்லணுமா?" என்றார் மனைவி. கல்யாணத்தன்று நடந்ததிலிருந்து ஆரம்பித்தார்.

பதினோரு மணிக்கு ஏலக்காரரின் பதில்கள் குழற ஆரம்பித்தன. மீண்டும் மாற்றினாள். இரண்டு மணிக்குப் பேச்சு நன்றாக இருந்தது, ஆனால் கால் இழுத்தது. மறுபடி மாற்றினாள். ஐந்து மணிக்கு அவர் எழுந்து நின்று, உட்கார்ந்திருந்த பெஞ்சையே ஏலம் விட்டார். பிறகு லிஃப்ட்காரரின் ஸ்டூலை. "மூணுதரம்!" கணீரென்று படிக்கட்டு வரை கேட்டது. நர்ஸுகள் கூடிவிட்டார்கள். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வலது கை மட்டும் லேசாக ஆடியது. டம்ளர் என்றால் சிந்தும். கம்பியம்மாவின் விரல் தன்னையறியாமல் டேப்லெட்டுக்குப் போயிற்று.

"விடுங்கம்மா" என்றார் ஏலக்காரர். "ஏலத்துல கை ஆட்டித்தானே ஆகணும்?"

அவர்கள் போனதும் பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் கையெழுத்தில் 'பேச்சு: நலம்'. எல்லாம் இருபது நிமிஷ நலம். வீட்டுக்குக் கிளம்பாமல், முதல் பக்கத்து நம்பருக்குப் போன் போட்டாள். அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார்.

மகள் எடுத்தாள். "அய்யோ, நீங்களா மேடம்! அப்பா கை ஆடவே இல்லை. உங்களைத் தினமும் நினைச்சுக்குவோம்."

"அப்பாகிட்ட குடுங்களேன்."

"அவர் இப்பல்லாம் பேசுறதில்லை மேடம். வயசாயிடுச்சில்ல? ஏழு வருஷமா அமைதியாத்தான் இருக்கார்."

கம்பியம்மா முதல் பக்கத்து 'பேச்சு: நலம்' மேல் ஒரு கோடு கிழித்தாள்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்கம்மா" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் இருக்கிற மாதிரி வாங்க."