பதினோரு நிமிட நாற்றம்

மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறாமல் போன ஒரே அரும்பொருள் அந்தச் சுகாதார ஆய்வாளரின் மூக்கு. இருபத்தொன்பது வருடமாக ஊர் அதை நம்பித்தான் சாப்பிட்டது, குடித்தது, குளித்தது. ஓட்டலின் சமையலறைக் கதவைத் திறக்குமுன்பே உள்ளே கொதிக்கிற எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். அலுவலகத்தில் அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர். காதுபடவே அப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார், வேறு உயர்வு எதுவும் வராத காரணத்தால்.

இப்படி ஒரு மூக்கு வாய்த்தவனுக்கு உலகமே குமட்டும். பேருந்துக் கம்பி குமட்டும். கை குலுக்க நீளும் கை குமட்டும். பிறந்தநாள் வீட்டில் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும், "ஊதினதையா வெட்டிக் குடுக்கறீங்க?" என்று கேட்டு ஒரு குடும்பத்தையே பகைத்துக்கொண்டவர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று கைக்குட்டை: மூக்குக்கு ஒன்று, கதவுப் பிடிக்கு ஒன்று, அந்த இரண்டையும் தொட்ட கைக்கு ஒன்று.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் விதி ஒரு டிராம்போன்காரரைக் கொண்டுவந்து குடிவைத்தது. மனைவியின் அண்ணன், வயது எழுபத்தொன்று. டிராம்போன் என்பது இழுத்து இழுத்து ஊதுகிற நீளமான பித்தளைக் குழாய். ஊதுகிற மூச்சு உள்ளே ஈரமாகித் தேங்கும். அடியில் ஒரு சின்ன விசை உண்டு, அழுத்தினால் சொட்டும். மச்சான் அதைக் கூடத்துத் தரையில் வைத்து அழுத்துவார், தினமும், காலைக் காப்பி நேரத்தில்.

"மச்சான், அது எச்சில்."

"மூச்சு மாப்ளே. குளுந்து போன மூச்சு."

"தரையில விழுந்துட்டா எச்சில்தான்."

"அப்ப உங்க ஏசி வெளிய துப்புதே, அது என்னவாம்?"

மூக்கு சார் அன்று முதல் ஏசியையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மச்சானும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். ஃபங்க், சோல் என்று இரண்டு வகைப் பாட்டு. ஃபங்க் என்றால் இடுப்பை ஆட்டச் சொல்வது, சோல் என்றால் அதையே அழுதுகொண்டு ஆட்டச் சொல்வது என்று மனைவி விளக்கியிருந்தாள். ஒரு காலத்தில் நட்சத்திர ஓட்டல்களில் இவர்கள் வாசித்தால் மேஜைமேல் ஏறி ஆடுவார்களாம். மேஜை என்றதும் மூக்கு சாருக்குச் செருப்புதான் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இப்போது மாநகராட்சியின் கலாசாரப் பிரிவுக்குத் திடீரென்று ஞானோதயம் வந்து இந்த ஐவரையும் தோண்டி எடுத்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்குக் கடற்கரையில் மேடை, அனுமதி இலவசம். டிரம்ஸ்காரருக்கு இடுப்பு எலும்பு மாற்றியாகிவிட்டது. பாடகருக்கு வரிகள் மறந்துவிடும், ஆனால் முகபாவம் மறக்காது. மச்சானுக்கு நுரையீரல் தகராறு. "இந்த ஒரு தடவை ஊதிக்கங்க, அப்புறம் அதை ஆணியில மாட்டிடணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறாவது பாட்டில் டிராம்போன் தனியாக ஒலிக்க வேண்டும். மச்சான் தன் ஆயுளில் மேடையில் தனித்து ஊதும் கடைசித் தடவை அதுதான்.

"எங்கண்ணன் அதை வாசிச்சு முடிக்கணும். உங்க மூக்கால அது நின்னுபோச்சுன்னா, நான் பேசவே மாட்டேன்" என்றாள் மனைவி. அவள் சண்டை போட்டால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் வீடு தாங்காது.

மூக்கால் நிற்க வழி இருந்தது. மேடைக்கு நாற்பதடி தள்ளித்தான் ஊர்ச் சாக்கடை கடலில் கலக்கிற வாய். கூட்டம் கூடும் இடம் சுகாதாரமானது என்று ஆய்வாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மைக்கில் ஒருவன் இருமக்கூட முடியும். இருபத்தொன்பது வருடத்தில் அவர் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை.

"அந்த வாய் தொறந்திருக்கற வரைக்கும் கையெழுத்துக் கிடையாது சார்" என்றார் கமிஷனரிடம்.

கமிஷனர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் சிரித்தார். பெரிய மனிதர்கள் கடற்கரைக்கு நடக்க வரும்போதெல்லாம் அந்த அலுவலகம் கடைப்பிடிக்கும் முறை ஒன்று இருந்தது: பொக்லைனை விட்டு மணலை அள்ளி, சாக்கடை வாயில் ஆள் உயரத்துக்கு ஒரு கரை போட்டுவிடுவார்கள். சாக்கடை உள்ளேயே மூச்சை அடக்கி நிற்கும். பெரிய மனிதர் காற்று வாங்கிவிட்டுப் போனதும் கரையை உடைத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் எந்தப் பெரிய மனிதரும் நடந்ததில்லை என்பதால் அதற்குமேல் யாரும் கணக்குப் போட்டதுமில்லை.

ஞாயிறு மூன்று மணிக்கு மூக்கு சார் கரையருகே போய் நின்று முகர்ந்தார். கடல், பாசி, டீசல். வேறொன்றுமில்லை. குனிந்தும் முகர்ந்தார். பிறகு எழுதினார்: "மாலை மூன்று மணிக்கு இவ்விடத்தில் நாற்றம் இல்லை." அதில் பொய் இல்லை. ஆனால் நாலு மணி என்று ஒன்று இருப்பதை அவர் எழுதவில்லை.

நாலு மணிக்குத் தொடங்கியது மேயரின் பேச்சு. கலை என்பது கடல், கடல் என்பது கலை என்று முக்கால் மணி நேரம் பேசினார். இதற்குள் கூட்டம் வந்து குவிந்தது. இலவசம் என்ற சொல்லுக்கு மனிதனிடமிருந்து என்னவெல்லாம் வெளியே கொண்டுவருகிற சக்தி உண்டு என்பதை மூக்கு சார் அன்று ஒரே இடத்தில் பார்த்தார். படகு மறைவில் வரிசையாக முதுகுகள். மணலில் கோழி எலும்பு. ஒருவர் சாக்ஸைக் கழற்றி உதறிவிட்டு அதே கையால் வறுத்த கடலையை மனைவிக்கு ஊட்டினார். அவளும் வாயைத் திறந்தாள். மூக்கு சாருக்கு முதல் கைக்குட்டை போதவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊரைக் குறை சொல்ல முடியாது. எல்லாரும் குளித்துவிட்டு வந்திருந்தார்கள். இலவசக் கச்சேரிக்குப் போகிறோமே என்று இரண்டு மணிக்கே ஊர் மொத்தமும் சோப்புப் போட்டு, தலைக்கு ஷாம்பூ போட்டு, துணியும் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பியது. அவ்வளவு தண்ணீரும் சாக்கடையில் இறங்கி, வழியில் தனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, நிதானமாகக் கடற்கரைக்கு வந்தது. இதை இன்ஜினியர் யோசிக்கவில்லை. மூக்கு சாரும் யோசிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

ஐந்தாவது பாட்டில் பேஸ் கித்தார் உறுமியது. ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு. மணல் அதிர்ந்தது, வயிறு அதிர்ந்தது. ஐந்து இருபதுக்கு மூக்கு சாரின் மூக்கு விறைத்தது. ஊரில் வேறு யாருக்கும் இன்னும் தெரியாது. திரும்பிப் பார்த்தார். மணல் கரையின் நடுவில் கறுப்பாக ஒரு நாக்கு நீண்டிருந்தது.

மேடைக்கு ஓடினார். மேடைக்குப் பின்னால் மின்சாரப் பெட்டி. பக்கத்தில் எலக்ட்ரீஷியன், பிளாஸ்டிக் நாற்காலியில்.

"கரை ஒடஞ்சிடுச்சு. மெயினை ஆஃப் பண்ணு."

"பாட்டு நடுவுலயா சார்? நீங்க சொன்னா பண்ணிடறேன். சொல்லிடுங்க."

மூக்கு சார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேடையில் ஆறாவது பாட்டு தொடங்கி, மற்ற வாத்தியங்கள் அடங்கின. ஜரிகை வைத்த ஊதா கோட்டு, அதுவும் அந்துருண்டை வாசத்தோடு, விளக்கடிக்கு வந்தது. மச்சான் டிராம்போனைத் தூக்கினார். தூக்கும் முன் விசையை அழுத்தி மேடையில் சொட்ட விட்டார், பத்தாயிரம் பேர் முன்னிலையில், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

"சார், ஆஃப் பண்ணவா?"

"இரு."

"இருன்னா?"

"இருன்னா இரு!"

மச்சான் ஊதினார். மூக்கு சாருக்கு இசை தெரியாது. அந்தச் சத்தம் ஏதோ ஒரு பெரிய மிருகம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது, கேட்டுவிட்டு மறுபடி தப்புச் செய்வது போலவும். முன்வரிசையில் மனைவி எழுந்து நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, மூக்கைப் பொத்துகிறாளா என்று தெரியவில்லை. கறுப்புத் தண்ணீர் கூட்டத்தின் ஓரத்துக்கு வந்தது. அங்கே ஆடிக்கொண்டிருந்தவர்கள் காலைப் பார்த்தார்கள், கடல் என்று நினைத்தார்கள், இன்னும் உற்சாகமாகக் குதித்தார்கள். தெறித்தது. ஒருவர் தலைமேல் ஒரு பழைய பல்துலக்கி வந்து உட்கார்ந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு ஆடினார். அதற்குள் அது மேடையின் பின்பக்கமும் சுற்றி வந்து மூக்கு சாரின் ஷூவுக்குள் இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை. மூன்று கைக்குட்டையையும் ஒன்றாக மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அதையும் இறுக மூடிக்கொண்டு, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

ஐந்து முப்பத்தொன்றுக்கு மச்சான் குழாயைக் கீழே இறக்கினார். கை தட்டல் தொடங்குமுன் மூக்கு சார், "ஆஃப்!" என்றார். கூட்டம் முதலில் ஊளையிட்டது, பிறகு முகர்ந்தது, பிறகு ஓடியது.

ஆறரைக்குக் கமிஷனர் காருக்குள் உட்கார்ந்தபடி கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார்.

"கரை அஞ்சு முப்பத்தொண்ணுக்கு ஒடஞ்சுது, உடனே நிறுத்தினீங்க. அப்படியே எழுதிடுங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

"அஞ்சு இருபதுக்கே எனக்கு வாசம் வந்துடுச்சு சார்."

"உங்களுக்குத்தானே வந்துது? வேற யாருக்கும் வரலையே."

"அதுக்குத்தானே சார் சம்பளம் குடுக்கறீங்க."

கண்ணாடி ஏறிவிட்டது. மூக்கு சார் அந்தக் காரின் பானெட் மேலேயே தாளை வைத்து எழுதினார்: "5.20க்கு நாற்றம் இருந்தது. 5.31க்கு நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட பதினோரு நிமிடத்துக்கு நானே பொறுப்பு." மெமோ திங்கள்கிழமையே வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த அலுவலகத்தில் வேகமாக நடக்கிற வேலை அது ஒன்றுதான்.

வீட்டில் கால்களை நாலாவது முறையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது மச்சான் குளியலறை வாசலில் வந்து நின்றார். கோட்டின் முழங்கை வரை கறை. முகம் வெளிறியிருந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கவா? அவ்வளவு நேரம் ஏன் நிறுத்தாம விட்டீங்க?"

"நீங்க வாசிச்சு முடிக்கட்டும்னுதான்."

மச்சான் சுவரில் சாய்ந்தார்.

"நான் தனியா ஊதறது நாலு நிமிஷந்தான் மாப்ளே. நாலாவது நிமிஷமே மூக்கைத் துளைச்சிடுச்சு. கொடலைப் பிரட்டுது. நீங்க பின்னாடி நிக்கறதைத் திரும்பிப் பாத்தேன். மாப்ளையே கைக்குட்டையும் கையுமா கண்ணை மூடி ரசிக்கறாரு, நாம எப்படி நிறுத்தறதுன்னு இழுத்துக்கிட்டே போனேன்."

மூக்கு சார் குழாயை மூடவில்லை. சோப்பை மறுபடி எடுத்தார்.

"கண்ணை மூடினது ரசிக்கறதுக்கில்ல" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மச்சான். உங்க மேலயும் அடிக்குது."