அழிக்கவிடாத சுவர்

தேர்தலுக்குச் சுவர் எழுதுவது என் தொழில். கடலூர் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில், போன தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக நான் எழுதிய "தூண்டில் வளைவு கட்டித் தருவோம்" என்ற வரி ஒரு வீட்டுச் சுவரில் இன்னும் பளிச்சென்று இருந்தது. மங்க மங்க, படகுக்குப் பூசும் நீலத்தை எடுத்து அந்த வீட்டுக்காரரே தீட்டிவந்திருக்கிறார். அலையைத் தடுக்கும் அந்தக் கல்வளைவு மட்டும் வரவில்லை. முன்னாலிருந்த இரண்டு வீடுகளைக் கடல் கொண்டுபோய்விட்டது.

இந்தத் தேர்தலிலும் அதே வேட்பாளருக்காகப் புதிதாக எழுத, அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனேன். வெற்று மார்போடு வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து மறித்தார்.

"அத்த அழிக்காத மச்சான். ஓட்டு கேக்க வருவாருல்ல, நின்னு படிக்கட்டும்."

"படிச்சிட்டு?"

"அழிக்கலாமான்னு அவுரே என் மூஞ்சியப் பாத்து சொல்லட்டும்."

தூரத்தில் பிரசார வண்டியின் சத்தம் கேட்டது. உள்ளே ஓடியவர் வெள்ளைச் சட்டை மாட்டி, தலை வாரிக்கொண்டு சுவரோரம் வந்து நின்றார். வண்டி மெயின் ரோட்டோடு போய்விட்டது. சத்தம் அடங்கியும் அவர் சட்டையைக் கழற்றவில்லை.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது எந்தச் சுவரில் எழுதினாலும், சட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் பக்கத்தில் காத்து நிற்பதுபோலவே இருக்கிறது.